சின்னதம்பி மாற்றிய பாஸ்வேர்ட்

மார்ச் முதல் தேதி காலை, பல் துலக்குவதற்கு முன்பே சின்னதம்பி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி தன் வீட்டு நெட் தன் வீட்டுக்கு மட்டும்தான்.

காரணம், பேத்தியின் பல். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் மகள் ஈஸ்வரிக்குப் புதன்கிழமைதான் லீவு. அன்று சாயங்காலம் வீடியோ காலில் குழந்தையைக் காட்டுவாள். போன புதன், "அப்பா, பல்லு மொளைச்சிருக்குது பாரு" என்று குழந்தையின் வாயைத் திறக்கப் போனாள். வாய் திறப்பதற்குள் படம் நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. சின்னதம்பி பார்த்தது பேத்தியின் நெற்றியையும் அந்த வட்டத்தையும்தான்.

"பக்கத்துல காவலூர்ல டெலஸ்கோப் வெச்சி, எங்கியோ இருக்கிற நட்சத்திரத்தப் பளிச்சினு பாக்குறாங்க. எனக்கு ஓசூர்ல இருக்கிற ஒரு பல்லு தெரியல" என்று அவர் இரண்டு நாள் புலம்பினார். பிறகு நெட் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"அன்லிமிடெட்னு சொல்லித்தானம்மா லைன் குடுத்தீங்க?"

"அன்லிமிடெட்தான் சார். மாசம் நூறு ஜிபி வரைக்கும் வேகமான அன்லிமிடெட். அதுக்கு மேல மெதுவான அன்லிமிடெட்."

"மெதுவானதுன்னா?"

"தீரவே தீராது சார்."

"வரவும் வரலியேம்மா."

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

இரண்டு பேர் இருக்கிற வீட்டில் நூறு ஜிபி எப்படி இருபது நாளில் தீரும்? அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தபடி போனில் தட்டித் தட்டிப் பார்த்தார். அவர் வீட்டு வைஃபையில் மொத்தம் ஒன்பது போன்கள் இருந்தன.

"அம்மாக்கண்ணு! நம்ம நெட்டுல நம்மள விட்டு ஏழு பேர் உக்காந்துகினு இருக்காங்க."

மனைவி அம்மாக்கண்ணு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்படியாங்க? நம்ம வாசல்ல கூட ஏழு பேர்தான் உக்காந்திருக்காங்க."

வாசலில் டக் டக்கென்று சத்தம். முத்தம்மாளும் இன்னும் ஆறு பெண்களும் ஆளுக்கொரு கல்லைப் போட்டுக்கொண்டு புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு சொம்பு. சொம்பின்மேல் சாய்த்துவைத்த போன். போனில் யாரோ ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள்.

"அவங்க புளி தட்ட வந்தவங்க. அது ஒரு கணக்கு. நெட்டு வேற கணக்கு" என்றார் சின்னதம்பி.

அவருக்கு எல்லாமே தனித்தனிக் கணக்கு. அந்த மலை ஊரில் புளி தட்டுவது முறை வைத்து நடக்கும். இன்றைக்கு என் வீட்டுப் புளி என்றால் நாளைக்கு உன் வீட்டுப் புளி. ஆனால் இந்த வருஷம் இவர்கள் நாள்தோறும் இவர் வீட்டுக்கே வந்தார்கள், பதிலுக்கு யாரும் இவரைக் கூப்பிடவில்லை. ஊரில் தனக்கு இருக்கும் மரியாதை என்று சின்னதம்பி நினைத்துக்கொண்டார். வெளியே சொல்லவில்லை. கூச்ச சுபாவம்.

"பாஸ்வேர்ட மாத்தப் போறேன்" என்றார்.

"மாத்துங்க. உங்க நெட்டு, உங்க இஷ்டம்" என்றாள் அம்மாக்கண்ணு.

நாற்பது வருஷத்தில் அவள் ஒரு பேச்சுக்கு இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில்லை. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

பெண்கள் போன பிறகு சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்தார். அஞ்சாம் வகுப்போடு நின்றவர். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொன்னால்தான் பிழை வராது என்பது அவர் நம்பிக்கை. செத்துப்போன தன் எருது கருப்பனின் பெயரை உலகத்தில் யார் கண்டுபிடிக்க முடியும்?

"கே... ஏ... ஆர்... யு... பி... இன்னொரு பி... ஏ... என்... ஏழு... ஒம்போது."

உள்ளே பாத்திரம் விளக்கும் சத்தம் கொஞ்சம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

மறுநாள் வாசலில் ஏழு கல் இருந்தன, ஒரு ஆள்கூட இல்லை. முத்தம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமாகப் போனாள்.

"இன்னா முத்தம்மா, வர்லியா?"

"முட்டி வலிக்குது மாமா. மடக்கவே முடியல."

இன்னொருத்திக்கு இடுப்பு. இன்னொருத்திக்குத் தலைசுற்றல். ஒரே நாளில் ஊரையே பிடித்த வியாதி எதுவென்று சின்னதம்பிக்குப் புரியவில்லை.

மூலையில் புளி அவர் நெஞ்சளவுக்குக் குவிந்து கிடந்தது. சனிக்கிழமை போளூரிலிருந்து வியாபாரி வடிவேலு வண்டி கொண்டுவருவார். கொட்டை எடுத்த புளி என்றால்தான் பேசிய விலை. கொட்டையோடு என்றால் பாதி விலை. பேத்தியின் காதுகுத்து அந்தப் பணத்தில்தான் நடக்க வேண்டும்.

"வா, நாம ரெண்டு பேரும் தட்டலாம்" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"எனக்கு விரல் புடிச்சிக்கிச்சிங்க" என்ற அம்மாக்கண்ணு, அந்த விரலாலேயே போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா நெட்டு இன்னா வேகம் பாருங்க! நிக்காம ஓடுது. நீங்க மாத்தனது நல்லதாப் போச்சி."

சின்னதம்பி தனியாகத் தட்டினார். முதல் அடி புளிமேல் விழுந்தது, இரண்டாவது கட்டைவிரல்மேல் விழுந்தது. சாயங்காலம் ஒரு முறம் தேறியது. இந்த வேகத்தில் போனால் புளி முடிவதற்கு ஆடி மாதம் ஆகும் என்று கணக்கு சொன்னது. நூறு ஜிபி தீர்ந்த நெட்டைப் போல ஆகிவிட்டார். அவர் தீரவில்லை, வேலைதான் நகரவில்லை.

புதன் வந்தது. ஈஸ்வரி கூப்பிட்டாள். படம் கண்ணாடி மாதிரி வந்தது. குழந்தை சிரித்தது. கீழ்வரிசையில் இரண்டு பல், அரிசி மணி போல. சின்னதம்பி இரண்டையும் எண்ணி, மறுபடியும் எண்ணினார். கட்டைவிரல் வலி மறந்துபோயிற்று.

"படம் இவ்ளோ தெளிவாத் தெரியுதேப்பா. அது இன்னா உன் பின்னாடி, மலை மாதிரி?"

"புளி."

"இன்னுமா தட்டல? முத்தம்மா சித்திங்கல்லாம் வர்லியா?"

"அது வந்து... பாஸ்வேர்ட மாத்திட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

ஈஸ்வரி தலையில் கை வைத்தாள். "அப்பா! அதாம்ப்பா அவங்களுக்குக் கூலி. நம்ம ஊர்ல போன்ல நாடகம் பாக்குற அளவுக்கு டவர் எங்க எடுக்குது? நம்ம வாசல்ல உக்காந்து நாடகமும் பாத்துக்குங்க, புளியும் தட்டிக் குடுங்கன்னு அம்மாதான் பேசி வெச்சிது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ கணக்கு கேப்ப. மாசம் இருநூறு ரூபா கூடக் கட்டினா பெரிய பிளான் வரும், என் வீடியோ காலும் நிக்காது. ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலி வருமா அது?"

சின்னதம்பி கணக்குப் போட்டார். ஏழு பேர், பதினைந்து நாள். மேலே போடப் பயமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முத்தம்மாள் வீட்டுக்கு நடந்தார்.

முட்டி மடக்க முடியாத முத்தம்மாள் ஏணியின் உச்சியில் நின்று அவரைக்கொடிப் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

சின்னதம்பி தொண்டையைச் செருமினார். "அது... புது பாஸ்வேர்ட் சொல்றேன், குறிச்சிக்க. கே... ஏ... ஆர்..."

"யு, ரெண்டு பி, ஏ, என், ஏழு, ஒம்போது. தெரியும் மாமா."

"எப்படி?"

"நீங்க சத்தமாச் சொல்லிக்கினே அடிச்சீங்களாமே. அம்மாக்கண்ணு அக்கா அன்னிக்கே வந்து எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. ஆனா நீங்களா வந்து கூப்புடற வரைக்கும் ஒருத்தரும் போடக் கூடாதுன்னு கண்டிசன். மூணு நாளா நாடகம் இன்னா ஆச்சின்னே தெரியாம கெடக்குறோம். இவ்ளோ லேட்டாவா வருவீங்க?"

சின்னதம்பி வீடு திரும்பினார்.

அம்மாக்கண்ணுவின் விரல் சரியாகியிருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்து, நாளைக்காகக் கற்களைத் தட்டத் தோதாக வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னதம்பி எண்ணினார். ஒன்பது இருந்தன.

"அவங்க ஏழு பேர். உன்னோட எட்டு. இது யாருக்கு?"

"நீங்களும் நம்ம நெட்டுலதானங்க பேத்தியப் பாக்குறீங்க? உக்காருங்க."