ஒன்றே கால் கிலோ

"இறங்கு. மறுபடியும் ஏறு."

அக்வெத்தே இறங்கினான், ஏறினான். தராசின் முள் கொஞ்சம்கூட வெட்கப்படாமல் அதே இடத்தில் போய் நின்றது. நேற்றிரவு படுக்கப் போகும்போது ஐம்பத்தேழு கிலோவுக்கு உள்ளே இருந்தவன், விடிந்ததும் அதைவிட ஒன்றே கால் கிலோ கூடியிருந்தான்.

குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் சோவா மாஸ்டர் அவனைத் தள்ளிவிட்டுத் தானே தராசில் ஏறினார். எண்பத்தொன்று. பத்து வருஷமாக அவருக்கு அதே எண்பத்தொன்றுதான். அக்ராவின் புக்கொம் தெருவில் யாருக்குத் தராசு மேல் சந்தேகம் வந்தாலும் சோவாவை ஏற்றிப் பார்த்துத்தான் தீர்த்துக்கொள்வார்கள்.

"தராசு சரியாத்தான் இருக்கு. நீதான் சரியில்ல. ராத்திரி என்னடா தின்ன?"

"ஒண்ணும் தின்னலை மாஸ்டர்."

"தண்ணி?"

"எச்சிலைக்கூட யோசிச்சுத்தான் முழுங்கினேன்."

"இங்க பாரு. எடை தினமும் ஏறும், இறங்கும், அது எல்லாருக்கும் உள்ளது. உப்பு தின்னா உடம்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். சோளமாவுக் கென்கே உருண்டை தின்னா அது வெளிய போற வரைக்கும் அதோட எடையும் உன் எடைதான். ஆனா தூங்கும்போது மூச்சுலயும் வேர்வையிலயும் குறைஞ்சுதான் ஆகணும். தூங்கி எழுந்து எடை ஏறினவன்னு ஊர்ல எவனுமே கிடையாது."

"நெஞ்சு மேல யாரோ படுத்திருந்த மாதிரி இருந்தது மாஸ்டர்."

"படுத்திருந்தது மீன் குழம்பு. வாயை ஊது பார்ப்போம்."

ஊதினான். பட்டினி வாடைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை எடை பார்க்கிறார்கள். ஐம்பத்தேழுக்கு மேல் ஒரு பொட்டு இருந்தாலும் பட்டத்துக்கான சண்டை கைநழுவிப் போய்விடும். சோவாவிடம் பழகிய பையன்கள் எல்லாரும் எதிர்த்தெரு ஜிம்முக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது அக்வெத்தே ஒருவன்தான். அவனும் போனால் அந்தத் தராசில் தினமும் ஏற அவரைத் தவிர ஆள் இல்லை. இதை நினைத்தால் அவருக்கு அழுகை வந்துவிடும்; அதனால் கோபப்படுவார்.

கோபத்தோடு நேராக அக்வெத்தே வீட்டுக்குப் போனார்.

ஹோமோவோ திருவிழா வாரம். தெருவெல்லாம் இரட்டைப் பிள்ளைகளுக்கு வள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அக்வெத்தேயின் அம்மா டெடே மசித்த கிழங்கில் செம்பனை எண்ணெய் விட்டுப் பிசைந்து இரண்டு கிண்ணத்தில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு அவித்த முட்டையை நட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று அக்வெத்தேக்கு. இன்னொன்று அவனோடு இரட்டையாக, அவனுக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்த ஓக்கோவுக்கு. ஓக்கோ பிறந்த எட்டாம் நாள் பெயர் வைத்தார்கள். அன்று சாயந்திரமே செத்துப்போனான். அதற்காக அவனுக்குக் கிண்ணம் வைக்காமல் இருக்க முடியுமா?

"அக்வெத்தேக்கு இந்த வாரம் கிழங்கு கிடையாது டெடே."

"இரட்டையனுக்குத் திருநாள்ல கிழங்கு இல்லேன்னா எப்படி மாஸ்டர்? சரி, அவன் பங்கை எடுத்துடறேன். ஓக்கோவோடது இருக்கட்டும்."

"அவன் எடையில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார் சோவா பெருந்தன்மையாக.

மறுநாள் காலையிலும் அதே ஒன்றே கால் கூடியிருந்தது. ஓக்கோவின் கிண்ணம் காலியாகியிருந்தது என்று அக்வெத்தேயின் தங்கை தாவியா யதார்த்தமாகச் சொல்லிவைத்தாள். சோவாவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"செத்தவன் பேரைச் சொல்லி உசிரோட இருக்கிறவன் தின்னுட்டு இருக்கான்! இத்தனை நாளா இது ஏன் எனக்குத் தோணலை?"

அன்று டெடே கிண்ணத்தை மூலையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் சோவா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிழங்கை வழித்து வழித்துத் தின்றார். முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

தாவியா வாயைப் பொத்திக்கொண்டாள். "மாஸ்டர், அது ஓக்கோவோட முட்டை!"

"வந்து கேட்கட்டும், கொடுத்துடறேன்" என்றார் அவர், மஞ்சள் கரு உதட்டோரம் ஒட்டியிருக்க.

டெடே காலிக் கிண்ணத்தை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவள் திட்டியிருந்தால் சோவாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அக்வெத்தேயை ஜிம்மிலேயே படுக்கவைத்து, கதவுக்குக் குறுக்கே தன் பாயைப் போட்டுக்கொண்டார். காலையில் முள் வழக்கம்போல ஒன்றே கால் அதிகம் காட்டியது. "ஓடினா இறங்கிடும்" என்று பிளாஸ்டிக் சட்டையை மாட்டிவிட்டுக் கடற்கரையில் ஓடவிட்டார். இதுவரை ஓடினால் இறங்கத்தான் செய்தது. இன்று அக்வெத்தேயைப் பிழிந்தால் ஒரு வாளி நிரம்பும்போல வேர்த்திருந்தது. தராசில் ஏறினால் முள் அசையவில்லை.

மறுபடியும் ஓடவிட்டுவிட்டு அவன் பின்னாலேயே நடந்தார். ஈர மணலில் பையனின் தடம் கண்ணில் பட்டது. குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் மீன் கூடையைத் தலையில் வைத்து நடந்துபோன பெண்ணின் தடமும் அப்படித்தான் பதிந்திருந்தது.

அக்வெத்தே லேசாக முன்னால் குனிந்தபடி ஓடினான். நாலு எட்டுக்கு ஒரு தரம் அவன் வலக்கை தானாகப் பின்னால் போய், இடுப்புக்கு மேல் எதையோ தூக்கிவிட்டு, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்தது. அக்ராவில் எந்தப் பெண்ணும் முதுகில் துணியால் கட்டிய பிள்ளை சரிந்தால் அப்படித்தான் செய்வாள்.

"டேய், கை ஏன்டா பின்னால போகுது?"

"எந்தக் கை மாஸ்டர்?"

சோவா தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பி நடந்தார்.

அடுத்த அரைமணியில் அவர் டெடேயின் அடுப்படியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டெடே, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்ல. அது உனக்கே தெரியும்."

"தெரியும்."

"சும்மா ஒரு தகவலுக்குக் கேட்கிறேன். ஓக்கோ... குழந்தை எப்படி இருந்தான்?"

"சின்னதா இருந்தான். ஆஸ்பத்திரித் தராசுல போட்டாங்க. ஒண்ணே கால் கிலோ."

சோவா பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். அது தாவியா பொரித்து வைத்த மீன் தட்டு இருந்த முக்காலி. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"என்ன செய்யணும்னு சொல்லு. நாளைக்கு எடை பார்க்கிறாங்க."

"பிள்ளை பசிச்சுப் போய் அண்ணன்-தம்பின்னு ஒட்டிக்கிட்டு இருக்கான். முட்டையையும் பிடுங்கித் தின்னுட்டா இறங்குவானா?"

மறுபடி கிழங்கு வெந்தது. இந்தத் தடவை இரண்டு முட்டை. சோவா கிண்ணத்தை மூலையில் வைத்து, பொது இடத்தில் ஒருநாளும் யாரிடமும் கேட்காத மன்னிப்பை ஒரு அவித்த முட்டையிடம் கேட்டார். பிறகு டெடே, "நீங்க வெளியே இருங்க. மிச்சத்தை நான் பேசிக்கிறேன்" என்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குழைவாகக் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவது கேட்டது, என்ன பேசுகிறாள் என்பது கேட்கவில்லை. தாவியா மட்டும் உள்ளே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. அக்வெத்தே தராசில் ஏறினான். நிமிர்ந்து நின்றான், கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. கண்ணாடி போட்ட அதிகாரி குனிந்து பார்த்தார்.

"ஐம்பத்தாறே முக்கால். சரி, இறங்கு."

சோவா அழுதேவிட்டார். அக்வெத்தேயைக் கட்டிப்பிடித்து, அதிகாரியையும் கட்டிப்பிடிக்கப் போய், அவர் விலகிக்கொண்டதால் தாவியாவைக் கட்டிப்பிடித்தார்.

எதிராளியின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "நேத்து வரைக்கும் இவன் எடை கூடன்னு ஊரே பேசிச்சு. தராசுல என்னமோ பண்ணியிருக்காங்க!" என்று ஒருவன் கத்தினான்.

"தராசையா சொல்றே?" சோவாவுக்குப் பழைய திமிர் திரும்பியது. செருப்பை உதறினார். "பத்து வருஷமா நான் எண்பத்தொண்ணு. புக்கொம்ல யாரை வேணா கேளு. இப்ப பாரு!"

ஏறினார். அதிகாரி குனிந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"எண்பத்திரண்டே கால்."

"அதெல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று சோவா அவசரமாக ஆரம்பித்தார். "எடைன்னா தினமும் ஏறும், இறங்கும். உப்பு தின்னா உடம்பு தண்ணியைப் பிடிச்சு..." குரல் தேய்ந்துவிட்டது. நேற்றுச் சாயந்திரத்திலிருந்து பயத்தில் அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அவர் லேசாக முன்னால் குனிந்து நிற்பதையும், வலக்கை பின்னால் போய் இடுப்புக்கு மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருப்பதையும் அவரைத் தவிர எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாவியா கிட்டே வந்து, தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்பதுபோல ரகசியமாகச் சொன்னாள்:

"கையை எடுத்துடாதீங்க மாஸ்டர், விழுந்துடுவான், 'உன் முட்டையைத் தின்னவர் முதுகுல ஏறிக்கோடா கண்ணு'ன்னு நேத்து அம்மாதான் சொல்லி அனுப்பினாங்க."