உங்கள் புலி வந்துகொண்டிருக்கிறது

ஒரு காட்டில் பவுனு என்றொரு சருகுமான் இருந்தாள். ஆள் முயல் உயரம்தான், ஆனால் முயல் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்களுக்கு நேரம் சரியில்லை. அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. ஆற்றில் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும். இதெல்லாம் ஓர் ஆசையா என்று கேட்காதீர்கள். அவள் புருஷன் தண்ணீர் குடிக்கத் தலை குனிந்தவன்தான், நிமிரவே இல்லை. வேங்கையப்பர் என்ற புலி அவனைக் கவ்விக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து பவுனு இரண்டு வாய் குடிப்பாள், திரும்பிப் பார்ப்பாள், ஓடிவிடுவாள். தொண்டை எந்நேரமும் காய்ந்தே கிடந்தது.

அந்தக் காட்டில் கைபேசிக்குப் பஞ்சமில்லை. அருவியைப் படமெடுக்க வருகிறவர்கள் பாறையில் வழுக்கி விழுவார்கள். ஆள் எழுந்து போய்விடுவார், கைபேசி தங்கிவிடும். இப்படிக் கைபேசி பெருகியதும் குணசீலன் என்ற மைனா ஆலமரத்தில் ஒரு போர்டு மாட்டினார். 'செயலி தயாரிக்கக் கற்றுத் தரப்படும். முன் அனுபவம் தேவையில்லை.'

தேவையில்லை என்றது ஆசிரியருக்கும் சேர்த்துத்தான். சுற்றுலா பங்களாவின் ஜன்னலில் உட்கார்ந்து, உள்ளே யாரோ போட்ட பாட வீடியோக்களைக் கேட்டவர் அவர். மைனா ஆயிற்றே, கேட்டதைக் கேட்டபடியே ஒப்பிப்பார். பாடத்தின் நடுவே வந்த தலைவலித் தைல விளம்பரத்தையும் விடாமல் ஒப்பித்தார். மாணவர்கள் அதையும் பயபக்தியோடு தட்டிக்கொண்டார்கள்.

யானை முதல் நாளே மூன்று கைபேசிகளை மிதித்துவிட்டு விலகிக்கொண்டது. கரடி ஓர் எழுத்தைத் தட்டினால் ஐந்து எழுத்து விழுந்தது. பவுனுவின் குளம்பு மட்டும்தான் ஒவ்வோர் எழுத்தாகத் தொடும் அளவுக்குச் சின்னது. அவளும் லேசில் கற்றுக்கொள்ளவில்லை. திரையில் 'வணக்கம் காடே' என்று வரவைக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். எங்கேயோ ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"மாஸ்டர், இது என்னைத் திட்டுது."

"திட்டட்டும்மா. அரைப்புள்ளியைப் போடு, அடங்கிடும்."

போட்டாள். அடங்கிவிட்டது.

"ஏன் மாஸ்டர் அடங்குச்சு?"

"ஏன்னு கேட்டா எனக்குக் கோவம் வரும். புரியணும்னு கட்டாயமில்லை, ஓடினா போதும்."

தலைமுறை தலைமுறையாகச் சருகுமான்கள் அந்தக் கொள்கையில்தான் உயிர் பிழைத்திருந்தன. பவுனுவின் மனசுக்கு ஒப்பியது.

படிப்பின் முடிவில் ஆளுக்கொரு செயலி செய்து காட்ட வேண்டும். பவுனு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "புலி எங்கே வருதுன்னு காட்டுற மாதிரி ஒண்ணு செய்யணும் மாஸ்டர். நிம்மதியா தண்ணி குடிக்கணும்."

"புதுசா எதுக்கு எழுதுற? ரெடிமேடா ஒண்ணு தர்றேன், பேரை மட்டும் மாத்திக்கோ. உலகமே அப்படித்தான் நடக்குது" என்றார் குணசீலன்.

அவர் கொடுத்தது, மனிதர்கள் வீட்டிலிருந்தபடியே சாப்பாடு வரவழைக்கும் செயலி. சாப்பாடு கொண்டுவரும் ஆள் இப்போது எந்தத் தெருவில் வருகிறார் என்று திரையில் காட்டும். பவுனுவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இதைத்தானே அவள் கேட்டாள்! 'சாப்பாடு' என்று இருந்த இடத்திலெல்லாம் 'புலி' என்று மாற்றினாள். கொண்டுவருபவர் படத்தை மாற்ற மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அதனால் அந்தச் செயலியில் வேங்கையப்பர் கடைசிவரை மோட்டார் சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தார்.

புலியின் இருப்பிடம் தெரிய வேண்டுமானால் புலியிடமும் ஒரு கைபேசி இருக்க வேண்டும். காட்டெருமை ஒன்றைத் தின்றுவிட்டு அவர் அசந்து கிடந்த நாளாகப் பார்த்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, உதிரிக் கைபேசி ஒன்றோடு போய் நின்றாள்.

"ஐயா, இதுல 'சம்மதம்'னு ஒரு பட்டன் இருக்கு. ஒரு தடவை அமுக்கணும்."

"அமுக்கினா என்னம்மா ஆகும்?"

"நீங்க எங்க இருக்கீங்கன்னு எல்லாருக்கும் தெரியும் ஐயா."

வேங்கையப்பர் நகத்தால் பல்லைக் குத்திக்கொண்டே யோசித்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. முழங்கால் வலி. துரத்துவதில் நாலுக்கு ஒன்றுதான் சிக்கும். ஆனால் பெருந்தன்மை போகவில்லை.

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். இவ்வளவு தூரம் வந்து கேக்குற" என்று அமுக்கினார்.

பவுனு முதலில் தானே சோதித்துப் பார்த்தாள். 'உங்கள் புலி தயாராகிக்கொண்டிருக்கிறது' என்று திரை சொன்னது. மோட்டார் சைக்கிள் குகை வாசலிலேயே நின்றது, அசையவில்லை. காட்டெருமை அப்படி வேலை செய்திருந்தது. பவுனு ஆற்றில் இறங்கிக் குடித்தாள். வயிறு உப்புகிறவரை குடித்தாள். புருஷன் போன பிறகு அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

செயலி காடு முழுக்கப் பரவியது. முதலில் ஏற்றிக்கொண்டவள் பக்கத்துப் புதரில் இருந்த தேவானை என்ற புள்ளிமான். பவுனு துக்கத்தில் கிடந்த நாட்களில் பக்கத்திலேயே படுத்திருந்தவள்.

"நீ நல்லா இருக்கணும் பவுனு. கழுத்தைத் திருப்பித் திருப்பி எனக்குச் சுளுக்கே பிடிச்சுப்போச்சு" என்றாள்.

"இனிமே திரும்பவே வேணாம்க்கா. இதை மட்டும் பாரு."

ஒரு வாரம் போல ஆனது. உதிர்ந்த பழங்களைத் தின்றுகொண்டிருந்த பவுனுவின் எதிரே வேங்கையப்பர் வந்தார். உடம்பில் நல்ல பூரிப்பு. தொப்பைகூட விழுந்திருந்தது.

"அம்மா பவுனு, உன்னைத்தான் தேடினேன். பிரமாதமா செஞ்சிருக்கே. இப்பெல்லாம் நான் அலையறதே இல்லை."

அவர் கைபேசி டிங் என்றது. ஆசையாகத் திருப்பி அவளிடமே காட்டினார். 'புதிய ஆர்டர். வாடிக்கையாளர் தேவானை ஆற்றங்கரை மருதமரத்தடியில் காத்திருக்கிறார்.'

பவுனுவுக்கு அப்போதுதான் விளங்கியது. மனிதர்களின் செயலியில் சாப்பாடு கேட்டவர் எங்கே இருக்கிறார் என்று கொண்டுவருபவருக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பகுதியை அவள் படிக்கவில்லை. செயலி ஓடியதால் படிக்கவில்லை. புலி எங்கே என்று யார் பார்த்தாலும், பார்த்தவரின் விலாசம் புலிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"வர்றேன்மா, அவங்களைக் காக்க வைக்கக் கூடாது" என்று வேங்கையப்பர் பாய்ந்தார். பவுனு குறுக்கு வழியில் விழுந்தடித்து ஓடினாள். என்ன ஓடி என்ன? அவள் கால் அவ்வளவுதான் நீளம்.

மருதமரத்தடியில் தேவானையின் கைபேசி மட்டும் கிடந்தது. மோட்டார் சைக்கிள் கிட்டே கிட்டே வருவதை அவள் திரையில் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நிமிர்ந்து பார்க்க மறந்துவிட்டாள். 'உங்கள் புலி வந்து சேர்ந்தது. சேவை எப்படி இருந்தது?' என்று திரை கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அதுவே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டது.

பவுனு வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே காடு முழுக்க ஓடிச் சொன்னாள். "அதை அழிச்சிருங்க! அது உங்களைக் காட்டிக்கொடுக்குது!"

"ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கு. ஒரு புகார்கூட இல்லையே" என்றது முயல். "பொறாமை பிடிச்சவங்க யாரோ இவளைத் தூண்டிவிடுறாங்க" என்றது கரடி. செய்தவளே அவள்தான் என்பது கரடிக்கு நினைவில்லை. குணசீலன் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலைவலித் தைலம் தடவச் சொன்னார்.

செயலியை அடியோடு அழிக்கும் பட்டன் பவுனுவின் கைபேசியில்தான் இருந்தது. ஆற்றங்கரையில் நின்று அதன்மேல் குளம்பைத் தூக்கினாள். பின்னால் சருகு நொறுங்கியது. வேங்கையப்பர்.

"அழிக்கப் போறியா? தாராளமா அழி. உன் பொருள்" என்றார். "ஆனா ஒண்ணு. இத்தனை நாள் உன்னை ஏன் தொடலைன்னு யோசிச்சியா?"

"யோசிக்கலை ஐயா."

"இதைச் செஞ்ச ஆளை நானே தின்னுட்டா நாளைக்கு ரிப்பேர் ஆனா யாரு பார்க்கிறது? அழிச்சிட்டேன்னா நீ வெறும் சருகுமான்தானே. முடிவு உன்னுது. நீ முதல்ல தண்ணியைக் குடி, நான் காவலுக்கு நிக்கிறேன்."

பவுனு ஆற்றைப் பார்த்தாள். தேவானையை நினைத்தாள். குளம்பு பட்டனுக்கு மேலேயே வெகுநேரம் நின்றது. தொண்டையோ காய்ந்து கிடந்தது.

குனிந்து குடித்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வயிறு நிறைந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வேற ஏதாவது மாத்தணுமா ஐயா?"

"மான் தனியா, முயல் தனியாப் பிரிச்சுக் காட்டினா வசதியா இருக்கும்மா. அவசரமில்லை."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுறேன் ஐயா."

நீதி: பிள்ளைகளைக் கட்டாயம் செயலி எழுதப் படிக்கவையுங்கள். எழுதினவரை மட்டும் புலி கடைசியில்தான் சாப்பிடும்.