பதினோரு ஊர் அட்டவணையும் உங்கள் தங்கையும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் ஒரே தங்கையைக் கட்டிக்கொண்டு முப்பத்து மூன்று வருடமாகியும் அவளைச் சரியாகத் தெரிந்துகொள்ளாத மாப்பிள்ளை, பணி ஓய்வு பெற்ற பஸ் டிப்போ நேரக்காப்பாளன், பணிவுடன் எழுதுவது. இங்கே என் சர்க்கரை நலம், ரத்த அழுத்தம் நலம், முழங்கால் பரவாயில்லை. நான்தான் நலமாக இல்லை. அங்கே நீங்களும் அக்காவும் நலம் என்று நம்புகிறேன்; இந்தக் கடிதத்தைப் படிக்கும்வரை அப்படியே இருப்பீர்கள். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள். விஷயம் எனக்குத் தெரிந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன், அதுதான் தப்பாகிவிட்டது.

நான் ஓய்வு பெற்றதற்காக என் மகள், அதாவது உங்கள் மருமகள், எங்கள் இருவரையும் ஒன்பது நாள் ஐரோப்பாவுக்கு அனுப்பி வைக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். "எந்தெந்த ஊருன்னு நீங்களே பாத்து முடிவு பண்ணிக்குங்கப்பா" என்றாள். என்னிடம் போய் இதைச் சொல்லலாமா? சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்து, பதினெட்டு நாள் எழுந்திருக்காமல் உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டேன். ஒன்பது நாளில் பதினோரு ஊர். பாரிஸ் காலை 9.10 உள்ளே, மதியம் 1.40 வெளியே. இரும்புக் கோபுரத்துக்கு இருபத்தைந்து நிமிடம், ஏறாமல், கீழே நின்று அண்ணாந்து பார்க்க. வெனிஸில் படகுக்கு முப்பது நிமிடம், படகுக்காரர் பாடுவதாக இருந்தால் முப்பத்தைந்து. ரோமில் இடிந்த கட்டடங்கள் ஏராளம், எல்லாம் ஒரே மாதிரிதானே இடிந்திருக்கும் என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். கடலையும் விட்டுவிடவில்லை; ஆறாம் நாள் ரயில் கரையோரமாகப் போகிறது, இடதுபக்க ஜன்னல், பதினாறு நிமிடம். நான் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட, உங்கள் தங்கை காய் நறுக்கியபடி "சரிங்க, சரிங்க" என்றாள். சம்மதிக்கிறாள் என்று நினைத்தேன், மச்சான். நான் ஒரு மடையன்.

செவ்வாய்க்கிழமை அட்டவணையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பயண ஏற்பாட்டு அலுவலகத்துக்குப் போனேன். மூக்குக் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், உங்க டிக்கெட் மட்டும்தானே பாக்கி? அம்மா போன வாரமே வந்து போட்டுட்டுப் போயிட்டாங்களே" என்றாள். "எந்த அம்மா?" என்றேன். "உங்க வீட்டு அம்மாதான் சார்." தபால் நிலையத்துக்குப் போனாலே "வந்து சேர்ந்துட்டேங்க" என்று போன் போடுகிறவள் அவள்! போர்த்துகல் கடலோரத்தில் ஏதோ ஒரு மீன்பிடி ஊராம். பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், வாய் சுளுக்கிக்கொண்டது. ஒரே ஊர். ஒன்பது நாளும் அதே ஊர். கடலைப் பார்த்த ஜன்னல் வைத்த அறை, அதில் ஒற்றைக் கட்டில். "ஒத்தைக் கட்டிலா?" "ஆமா சார், தனியாப் போறேன்னுதான் சொன்னாங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட்டவணை கையை விட்டு நழுவி உருண்டு பக்கத்து மேசைக்காரர் காலடியில் போய் விரிந்தது. அவர் என் வெனிஸை மிதித்துக்கொண்டே எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பாதியைக் குடித்தேன், பாதி சட்டையில். முப்பத்தாறு வருடம் டிப்போவிலிருந்து பஸ்களை அனுப்பி வைத்த நான், திரும்பும்போது தப்பான பஸ்ஸில் ஏறி ஊர்க்கோடியில் இறங்கினேன். நடத்துனருக்கு என்னை அடையாளம் தெரிந்துபோய் சல்யூட் வேறு அடித்தார். மானமே போயிற்று.

வீட்டுக்குள் நுழைந்ததும், "உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? ஒன்பது நாள் ஒரே ஊர்ல என்ன பண்ணுவே?" என்று கத்தினேன். தலையணை உறைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள், "உக்காருவேன்" என்றாள். "உக்காந்து?" "கடலைப் பாப்பேன்." "பாத்துட்டு?" "மறுபடியும் பாப்பேன்." இதெல்லாம் ஒரு பதிலா, மச்சான்? "நீங்க பதினோரு ஊரையும் பாத்துட்டு வாங்க, திரும்புற அன்னைக்கு ஏர்போர்ட்ல சந்திச்சுக்கலாம்" என்று வேறு சொல்கிறாள், ஏதோ மார்க்கெட் வாசலில் சந்திக்கிற மாதிரி! பிறகு நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்: "கல்யாணமான புதுசுல ஒரு தடவை கடலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. ஒரே ஒரு அலைதான் காலைத் தொட்டுச்சு. ரெண்டாவது வந்துட்டிருக்கு, நீங்க விசில் அடிச்சிட்டீங்க." அடித்தது உண்மைதான். நாலரைக்கு வண்டி, கூப்பிட்டால் காதில் விழாது, சட்டைப்பையில் டிப்போ விசில் இருந்தது, ஊதினேன். சம்பந்தமே இல்லாத நாலு பேரும் பதறிக் கரையேறினார்கள். இவள் ஓடி வந்த வேகத்தில் ஒரு செருப்பு கடலோடு போனது. மூச்சு வாங்க வண்டியிடம் வந்தால் டிரைவரைக் காணோம்! பத்து நிமிடம் கழித்து ஆடி அசைந்து வந்தார். நடுரோட்டில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினேன். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது? எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் நாங்கள்தான் முதலில் போய்ப் பத்து நிமிடம் காத்து நிற்கிறோம். ஊர் உலகம் தாமதமாக ஓடினால் நான் என்ன செய்வேன்? என் கைக்கடிகாரம் ஒரு நிமிடம் தப்பியதில்லை.

ஆகவே மச்சான், நீங்கள் உடனே போன் போட்டு அவளைக் கண்டிக்க வேண்டும். அண்ணன் சொன்னால் கேட்பாள். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், பயத்தில் எழுதுகிறேன். அவள் இல்லாமல் அந்தப் பதினோரு ஊரிலும் நான் யாரைப் பார்த்து "சீக்கிரம் வா" என்று சொல்வேன்?

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நேரத்துக்குத் தூங்கி, நேரத்துக்கு எழுந்து, நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நிலைகுலைந்து போன,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் ஒரு தடவை படித்தேன். "ஒரு நிமிடம் தப்பியதில்லை" என்ற வரி கண்ணைக் குத்தியது. மச்சான், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தாமதமாகப் போய் மேலாளரிடம் அசிங்கப்பட்டேன். அன்றைக்கு இந்தக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தவன், இன்றுவரை திருப்பவில்லை. டிப்போ வண்டிகளைச் சுவர்க்கடிகாரம் பார்த்து அனுப்பினேன். வீட்டை மட்டும் இதைப் பார்த்து ஓட்டினேன். அந்த டிரைவர் சரியான நேரத்துக்குத்தான் வந்தார். இவள் முன்னால் தலை குனியக் கூடாது என்று அவரைத் திட்டினேன்.

எழுந்து போய் அவளிடமே சொல்லிவிட்டேன். தைத்துக்கொண்டே, "தெரியும்" என்றாள். "எப்ப இருந்து?" "அன்னைக்கே. அந்த டிரைவர் கையிலயும் கடிகாரம் இருந்துச்சே." "அப்புறம் ஏன் இத்தனை வருஷமா நான் கத்துனப்பல்லாம் ஓடி வந்தே?" என்று கேட்டேன். "சீக்கிரமாப் போயிட்டா, வண்டி வர்ற வரைக்கும் பத்து நிமிஷம் என் பக்கத்துல சும்மா நிப்பீங்க. வேற எப்ப நின்னீங்க?" என்றாள்.

மேலே எழுதியதெல்லாம் அதிர்ச்சியே இல்லை, மச்சான்.

போன் போட வேண்டாம். கண்டிக்க வேண்டாம். அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணிடம் சொல்லி ஒற்றைக் கட்டிலை இரட்டையாக மாற்றிவிட்டேன். விசிலும் கடிகாரமும் வரக் கூடாது என்பதுதான் உங்கள் தங்கையின் நிபந்தனை. விசிலைக் குப்பையில் போட்டுவிட்டேன். கடிகாரத்தைப் போட மனசு வரவில்லை, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பத்திரமாக வைத்திருங்கள். சாவி கொடுக்க வேண்டாம்.