மூன்று நாற்காலி போட்ட லிஃப்ட்

பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் வரவில்லை. மறுபடி அழுத்தினார். உள்ளே ஒரு முனகல்கூட இல்லை.

"அப்பா, வேண்டாம்" என்றாள் மகள்.

"நான் என்ன பண்ணேன்? பொத்தானைத்தானே அமுக்கினேன்."

"உங்க பார்வையே சரியில்ல. இன்னிக்கு நீங்க லிஃப்ட் மெக்கானிக் இல்ல. எனக்கு அப்பா. அவ்வளவுதான்."

பாதி ஆயுளை லிஃப்ட் குழிக்குள்ளேயே கழித்த மனிதரிடம் போய் இப்படிச் சொன்னால்? பல் டாக்டரிடம் "சிரிக்கிறவங்க வாயைப் பார்க்காதீங்க" என்று சொல்வதுபோலத்தான். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மனைவியும் வழிமறித்து எச்சரித்திருந்தாள்.

"ஏங்க, இதுதான் கடைசி காலேஜ். இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா பாப்பா பாட்டை மூட்டை கட்டி வச்சுட்டு ஏதாவது ஆபீஸ்ல டைப் அடிக்கத்தான் போகணும். அங்க போய் எதையும் தொட்டுத் தொலைக்காதீங்க."

கடைசி என்றால் உண்மையிலேயே கடைசிதான். இசைப் பட்டம் படிக்க இடம் தேடி அப்பாவும் மகளும் செருப்பு தேய அலைந்தாகிவிட்டது. முதலில் பார்த்த கல்லூரியில் கண்ணாடிச் சுவர், அதற்குள் பதக்கங்கள், சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் லிஃப்ட். கட்டணத்தைக் கேட்டதும் அந்த லிஃப்டிலேயே குந்திவிட்டார். இன்னொன்றில் கட்டணம் குறைவுதான். ஆனால் மகள் பாடியதைக் கேட்ட வாத்தியார், "அந்த இடத்தை எப்படிம்மா பிடிச்சே? எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடேன்" என்று நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இந்தக் கல்லூரியில்தான் தரமும் இருந்தது, கட்டணமும் அவர் சம்பளத்துக்குள் அடங்கியது. சுவரெல்லாம் காரை உதிர்ந்த கட்டடம். ஆனால் இங்கே படித்தவர்கள் உலகத்தின் பெரிய பெரிய மேடைகளில் பாடுகிறார்கள் என்று கேள்வி. மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம்.

பாட்டுப் பரீட்சைக்காக மகளுக்குப் பதினொன்று என்று நம்பர் கொடுத்து, பின்பக்க அறைக்குக் கூட்டிப் போனார்கள். அவர் லிஃப்டுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்.

இசையைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. மகள் நன்றாகப் பாடுவாள் என்பதே பிறர் சொல்லித்தான் தெரியும். அவள் பாடிப் பழகுவது குளியலறையில். அங்கேதான் குரல் நன்றாக ஒலிக்கிறதாம். அவர் வேலை முடிந்து க்ரீஸ் கையோடு வந்து நிற்கும்போது கதவு சாத்தியிருக்கும். "பாப்பா, சீக்கிரம் வெளிய வா" என்று கதவை இடித்ததைத் தவிர அவள் பாட்டுக்கு அவர் ஒன்றும் செய்ததில்லை.

எதிரே கம்பிக் கதவுக்குப் பின்னால் லிஃப்ட் குழி இருண்டு கிடந்தது. அவருக்குக் கை அரித்தது.

'சும்மா பார்த்துட்டு வந்துடுவோம். பார்த்தா தேய்ஞ்சா போயிடும்?'

மொட்டை மாடிக்கு ஏறினார். மோட்டார் அறை திறந்தே கிடந்தது. ஒட்டடைக்குள் அந்தப் பழைய மோட்டாரைக் கண்டதும், கூடப் படித்தவனைச் சந்தையில் பார்த்ததுபோல அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பலகையில் ஒரு ஃப்யூஸ் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற ஃப்யூஸை அப்படியே விட்டுவிட்டு வருவது அவர் ஜாதகத்திலேயே இல்லை. ஒரே ஒரு திருகு திருகினார்.

பட்டென்று ஒரு பொறி பறந்தது.

குழிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "அடடா, லைட் போச்சே!"

குழியை எட்டிப் பார்த்தார். உள்ளே ஆள் இருக்கிறது! அப்படியானால் லிஃப்ட் செத்துப்போகவில்லை. யாரோ மேலே கதவைச் சரியாகச் சாத்தாததால்தான் கீழே வரவில்லை. இப்போது ஆளேறிப் புறப்படுகிற நேரமாகப் பார்த்து அதன் கழுத்தைத் திருகிவிட்டோம்!

"பயப்படாதீங்க! நான் இருக்கேன்!" என்று குழிக்குள் கத்தினார்.

"பயமெல்லாம் ஒன்னுமில்ல. லைட்டை மட்டும் போடுங்க, போதும்."

அசந்துபோனார். எத்தனை பேரை லிஃப்டிலிருந்து மீட்டிருக்கிறார்! ஆறடி ஆள்கூட அம்மா அம்மா என்று அழுததைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு நிதானத்தைக் கண்டதில்லை.

அவசரமாக ஒரு ஒயரை முறுக்கிச் சொருகினார். லைட் வந்தது. கூடவே அபாய மணியும் ஊளையிட ஆரம்பித்தது.

"மணியை நிறுத்துங்க! எங்களுக்குக் காதுதாங்க பொழப்பே!" என்றது ஒரு கிழக்குரல்.

மணி ஒயரைப் பிடுங்கினார். மணி நின்றது.

"ஃபேனும் நின்னுடுச்சு!"

மேலேயே நின்று பார்த்தால் கதைக்காகாது என்று, குழிச் சுவரிலிருந்த இரும்பு ஏணியில் இறங்கி லிஃப்டின் கூரைமேல் குதித்தார். கூரையிலிருந்த சின்ன மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

உள்ளே மூன்று பேர். ஓர் அம்மாள், கண்ணாடி போட்ட ஒரு கிழவர், ஒரு தாடிக்காரர். மூவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஸ்டூல், அதன்மேல் தண்ணீர்க் கூஜா, சுவரில் கடிகாரம்.

'படிச்சவங்க படிச்சவங்கதான்யா!' என்று வாயைப் பிளந்தார். 'லிஃப்ட் நின்னாலும் நிக்கும்னு நாற்காலியோடயே ஏறியிருக்காங்களே!'

"யார் நீங்க?" என்றார் அம்மாள்.

"லிஃப்ட்... லிஃப்ட் பாக்குறவன்மா. இதோ, ஒரு நிமிஷத்துல உங்களை வெளிய எடுத்துடறேன்."

"எதுக்கு எடுக்கணும்? பரீட்சை நடக்குது. சத்தம் போடாம அங்கேயே உட்காருங்க. அடுத்து பதினொன்னு. அதுதான் கடைசி."

கூரைமேலேயே உட்கார்ந்துவிட்டார். போயும் போயும் பரீட்சை வைப்பவர்களையா பொறியில் எலி மாதிரி அடைத்துவிட்டோம்! ஆனால் இவர்களோ மாட்டிக்கொண்ட இடத்திலேயே பரீட்சையை நடத்துகிறார்கள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"பாடறது யாருன்னு இங்கேர்ந்து தெரியாதேம்மா?"

"தெரியவே கூடாது" என்றார் தாடிக்காரர். "யார் வீட்டுப் பிள்ளை, யார் சிபாரிசு, எதுவும் எங்க காதுக்கு வரக்கூடாது. வந்துச்சுன்னா அந்த நம்பரையே அடிச்சிடுவோம். குரல் மட்டும்தான் கணக்கு."

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

அப்போது கீழே, பின்பக்க அறை திறக்கும் குழியின் அடியிலிருந்து, குரல் எழுந்தது.

முதலில் அது குரல் என்றே அவருக்குத் தெரியவில்லை. இருட்டுக்குள் யாரோ மெல்லத் தண்ணீர் நிரப்புவதுபோல் இருந்தது. மாடி மாடியாக ஏறி வந்து, அவர் காலைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, தலைக்கு மேலே கட்டடத்தின் உச்சி வரைக்கும் போய் நின்றது. அவர் பிடித்திருந்த இரும்புக் கயிறு நடுங்கியது. கயிறு நடுங்கினால் ஆபத்து, உடனே இறங்கிவிட வேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். இறங்க மனம் வரவில்லை. தினமும் அழுக்கும் எலிப்புழுக்கையும் பார்த்த குழியா இது? இதற்குள் இவ்வளவு பெரிய வானம் இருந்திருக்கிறதே!

'கடவுளே, இந்தப் பொண்ணையா நான் கதவை இடிச்சு வெளிய வரச் சொன்னேன்!'

"என் பொண்ணு! பாடறது என் பொண்ணு!" என்று கத்தவேண்டும்போல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கத்தினால் நம்பர் போய்விடும். இடுப்பிலிருந்த க்ரீஸ் துணியை உருவி வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. அம்மாள் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு கிழவர் அண்ணாந்து பார்த்தார்.

"லிஃப்ட் பாக்குறவரே, எப்படி இருந்துச்சு?"

துணியை எடுத்தார். "பரவாயில்லைங்க. சுமார்தான்."

"அப்புறம் ஏன் அழறீங்க?"

"க்ரீஸுங்க. கண்ணுல பட்டுடுச்சு."

இப்பேர்ப்பட்ட பெரிய மனிதர்களை இனி ஒரு நொடியும் இந்தக் குழியில் தவிக்க விடக்கூடாது என்று வைராக்கியம் வந்துவிட்டது. விறுவிறுவென்று மேலே ஏறினார். பிரேக்கைத் தளர்த்தினார், துருவைச் சுரண்டினார், ஒயரை மாற்றினார், எண்ணெய் விட்டார். ஸ்விட்சைத் தூக்கிப் போட்டார்.

மோட்டார் இருமியது. செருமியது. பிறகு கிளம்பியேவிட்டது.

குழிக்குள்ளிருந்து மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் வீறிட்டன. அலறலிலும் சுருதி பிசகவில்லை. 'சந்தோஷத்துல கத்துறாங்க, பாவம்' என்று நினைத்துக்கொண்டே கடைசி மாடிக்கு ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டார். மூவரும் பேயறைந்ததுபோல் வெளியே வந்தார்கள். கிழவர் நாற்காலியை விடவே இல்லை, அதையும் கட்டிக்கொண்டே வந்தார்.

அதற்குள் மகள் மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டாள்.

"அப்பா! எதையாவது தொட்டீங்களா?"

தாடிக்காரர் திரும்பினார். "இந்தக் குரல்... பதினொன்னு இல்ல? இவர் உங்க அப்பாவா?"

போச்சு. துணியைத் தின்று காப்பாற்றியதெல்லாம் ஒரே வார்த்தையில் போச்சு. அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"அம்மா, அவ மேல ஒரு தப்பும் இல்ல. ஓடிக்கிட்டிருந்த லிஃப்டை நிறுத்தி உங்களை மாட்ட வச்ச பாவி நான்தான். என்னை அடிங்க, திட்டுங்க. அவ நம்பரை மட்டும் அடிச்சிடாதீங்க."

அம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க எங்களைத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடியே மார்க் போட்டாச்சு. சீட் உங்க பொண்ணுக்குத்தான். இவளை விட்டா வேற யாருக்குக் குடுப்போம்?" என்றவர் நெற்றியைச் சுருக்கினார். "அது சரி, ஓடிக்கிட்டிருந்த லிஃப்ட்னு சொன்னீங்களே, அது எது?"

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், இரண்டாம் மாடியிலிருந்து டீ கொண்டுவந்தவரின் அலறல் கேட்டது.

"அம்மா! நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இங்கேயேதானே இருந்துச்சு, நம்ம பரீட்சை ஹாலைக் காணோமே!"