தபால்காரன் கழுவிய தட்டுகள்

ஜல் ஜல் ஜல். முதலில் குதிரை மணிச் சத்தம். அப்புறம்தான் திரையில் பனி. பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டி.வி.யில் போடுவார்கள். அடுப்புக்காரர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரொட்டிக் கம்பெனியில் அடுப்பு வேலை, ராத்திரி ஷிஃப்ட். பகலில் எங்கே சாய்ந்தாலும் தூக்கம் அள்ளிக்கொண்டு போய்விடும். இன்றைக்கு மட்டும் இமை கொட்டுவதாக இல்லை.

காரணம் இருந்தது. வீட்டில் கோபித்துக்கொண்டு போன தபால்காரன் ஒருவன் பனியில் அலைகிறான். நடுவில் எங்கோ ஒரு ரயில் வெகுநேரம் தடதடத்து ஓடுகிறது. கடைசியில் வீடு திரும்பி, ஒரு வார்த்தை பேசாமல் சட்டைக் கையைச் சுருட்டி, மலைபோலக் கிடக்கும் தட்டுகளைக் கழுவுகிறான். இந்தக் கதையை அடுப்புக்காரர் கம்பெனியில் சொல்லாத ஆள் இல்லை. தபால்காரனே கழுவும்போது நமக்கென்ன கௌரவம் என்று, கல்யாணமான வருஷத்திலிருந்து வீட்டில் பாத்திரம் கழுவுவதும் அவர்தான்.

நேற்று மாவு பிசைகிற தம்பி குண்டைத் தூக்கிப் போட்டான்: “அண்ணே, அப்படி ஒரு கட்டமே படத்துல கிடையாதே!”

கிடையாதா? அப்படியானால் விடுதலை!

“என்னங்க, தலகாணி வேணுமா?” என்றாள் மனைவி.

“வேணாம்.”

“கால நீட்டிக்கோங்களேன்.”

“வேணாம்னேன்ல.”

“போர்வையாச்சும்...”

“இன்னிக்கி என்ன இவ்வளவு உபசாரம்?”

“வருஷா வருஷம் பண்றதுதானே.”

தொடையைக் கிள்ளிக் கிள்ளியே படத்தை ஓட்டினார். தபால்காரன் கதவைத் திறந்தான். அவன் மனைவி ஓடிவந்து நாற்காலி போட்டாள். சூடாகப் பரிமாறினாள். அவன் தின்றான், தின்றான், வாயைத் துடைத்துக்கொண்டான். முற்றும். படத்தில் ஒரு தண்ணீர்க் குழாய்கூட இல்லை.

அடுப்புக்காரர் துள்ளி எழுந்தார். “தட்டு எங்கடி?”

“எந்தத் தட்டு?”

“அவன் கழுவின தட்டு! இத்தன வருஷமா என்ன ஏமாத்திருக்க!”

“நானா? கல்யாணமான வருஷம் இதே சோபாலதான் கேட்டேன், ‘தட்டு கழுவுற இடம் எப்படிங்க’ன்னு. ‘அடடா, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு’ன்னது யாரு?”

“அது... அப்ப நான்...”

“அப்ப நீங்க? தூங்கிட்டீங்களா?”

அந்த வீட்டில் சொல்லக்கூடாத சொல் அது. படம் பார்க்கும்போது தூங்கினால் மீசையை எடுத்துவிடுவதாக மச்சானிடம் சவால் விட்டவர் அவர். கண்ணை மூடிக் கேட்டதாகத்தான் இதுவரை பெயர்.

“தூங்கினேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க,” என்று அவள் போனைக் கையில் எடுத்தாள். “இனிமே தட்ட நானே கழுவறேன். அண்ணனுக்கும் சொல்லிடறேன்.”

அவர் விரல் தானாக மீசைக்குப் போனது. தடவிப் பார்த்தது. பிரிய மனமில்லை.

“நானாவது தூங்கறதாவது! டி.வி.க்காரன் அந்த இடத்த வெட்டிட்டான்.”

“அதான் நானும் நெனச்சேன். அநியாயம் பாருங்க,” என்றாள் மனைவி ஆறுதலாக. “வருஷா வருஷம் உங்க மூக்குலேர்ந்து வர்ற அந்த ரயிலையும் சேத்துல்ல வெட்டிட்டான்.”

அடுப்புக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தார்.