தொட்டிக்குப் பட்ட கண்

வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். ஞாயிறு காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. அதற்குள் மீன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஞாயிறு வரை மீன் தாக்குப்பிடிக்க வேண்டும்.

டாக்டர் பட்டம் கல்லூரி கொடுத்ததல்ல, கூட்டம் கொடுத்தது. அலங்கார மீன் விற்கும் கடை. வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல்கள். மடியில் மீன்களோடு நாற்பது பேர். பாலித்தீன் பையில் சிலர், ஊறுகாய் ஜாடியில் சிலர். ஒருவர் குக்கரில் கொண்டுவந்திருந்தார். எந்த நோக்கத்தில் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் டோக்கன் என் கையில். நான் விலங்கியல் பட்டதாரி. ஒட்டுண்ணிகள் பாடத்தில் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண். அந்த அறிவையெல்லாம் பத்திரமாக உள்ளேயே வைத்துக்கொண்டு, டோக்கன் வியர்வையில் நனையாமல் பார்த்துக்கொண்டேன்.

தொட்டி, அண்ணனும் அண்ணியும் கல்யாணமான கையோடு வாங்கியது. தண்ணீர் ஊற்றிய அன்றே பத்து மீன்களை விட்டார்கள். அடுத்த வாரம் மீன்கள் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து நீந்தின. இரண்டு செத்தன.

என்ன நோய் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாய் திறந்தேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். கொட்டாவி விடுவதுபோல் சமாளித்துவிட்டேன்.

மீன் டாக்டர் எங்கள் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மீனைவிட எங்களைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“வீட்டுக்குப் புதுசா யாராவது வந்தாங்களா?”

“மருமக வந்திருக்கா,” என்றாள் அம்மா.

“அதான். கண்ணு.”

கூட்டம் ‘ச்சு’க் கொட்டியது. எங்களுக்கு முன்னால் வந்தவர் தொட்டிக்கு மாமனார் கண். அதற்கு முன்னால் வந்தவருக்கு மாடியில் குடிவந்தவர் கண். வெறும் நோய் மட்டும் வந்த வீடு அந்தத் தெருவிலேயே இல்லை.

நீலக் கல் ஒன்றைக் கொடுத்தார். “தொட்டிக்குள்ள போடுங்க. அந்தப் பொண்ணு தொட்டிப் பக்கமே வரக் கூடாது. ரெண்டே வாரம். கல்லு நோயைக் குடிச்சிடும்.”

அம்மா கல்லை என் கையில் திணித்தாள். “நீதான்டி போடணும். மறந்து தொலைக்காதே.”

தலையாட்டினேன். தலையாட்டுவதற்குப் பட்டம் இருந்தால் அதிலும் எனக்குத்தான் முதல் மதிப்பெண்.

அம்மா தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் அண்ணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே கூடத்தைக் கடந்தாள். அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னால் குடியேறினான்.

“இன்னிக்குப் பால் திரிஞ்சுபோச்சு. நான் அடுப்பைப் பார்த்துட்டேன்போல,” என்றாள் அண்ணி என்னிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வாரத்தில் புள்ளிகள் போய்விட்டன. மீதி எட்டு மீன்களும் துள்ளின. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நன்றி சொல்ல, மீன்களைப் பையில் எடுத்துக்கொண்டு, அண்ணியையும் என்னையும் கடைக்கு இழுத்துப் போனாள்.

மீன் டாக்டர் எங்கள் பையை உயரத் தூக்கிப் பிடித்தார். “பாருங்க! பளிங்கு மாதிரி இருக்கு!”

எல்லோரும் கைதட்டினார்கள். குக்கர்க்காரரும் தட்டினார். இந்த முறை அவரிடம் குக்கர் இல்லை.

“ஆனா கல்லு நோயைத்தான் குடிக்கும், கண்ணைக் குடிக்காது,” என்றார் டாக்டர். “மருமக கொஞ்ச நாள் தாய் வீட்டுல இருக்கட்டும். இல்லேன்னா அடுத்தது மீனோட நிக்காது.”

அம்மா அண்ணி பக்கம் திரும்பினாள். “நாளைக்கே கிளம்பிடும்மா. நான் உன் வீட்டுக்குச் சொல்லிக்கிறேன்.”

அண்ணி கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். விரல் நுனி வெளுத்துப்போனது.

“ஐயா, ஒரு சந்தேகம்,” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

“சத்தமாக் கேளும்மா. நாலு பேருக்குப் பயன்படும்.”

“கல்லு போடாம விட்டிருந்தா?”

“ஒரே வாரத்துல எட்டும் போயிருக்கும்.”

“அண்ணி தொட்டிப் பக்கம் வந்திருந்தா?”

“ஒரே நாள்ல மிதந்திருக்கும்!”

கூட்டம் என் அறியாமையைப் பார்த்துச் சிரித்தது.

“நிச்சயமாவா?”

“எழுதியே தரட்டுமா?”

இரண்டே கேள்வி. நாற்பது தலைகள் இருந்த இடத்தில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. தோன்றிய தலைக்கோ அதைக் கேட்க இரண்டு வாரமும், ஒரு பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பும் பேச்சும் தேவைப்பட்டன. யோசிப்பதற்கு டோக்கன் வாங்க வேண்டியதில்லை. யோசித்ததைச் சொல்வதற்கும்தான்.

என் கைப்பையைத் திறந்தேன். நீலக் கல்லை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன்.

“இது எங்க தொட்டித் தண்ணியைப் பார்க்கவே இல்ல. அந்தப் புள்ளி ஒரு ஒட்டுண்ணி. புது மீனோடயே வந்தது. தொட்டி ஹீட்டர்ல சூட்டைக் கூட்டி வெச்சு, எந்த மீன் கடையிலயும் கிடைக்கிற வெள்ளைப்புள்ளி மருந்தைத்தான் விட்டோம். அம்மா கடைக்குப் போனதும் தொட்டி முன்னாடியே உட்கார்ந்து, தண்ணி மாத்தி, மருந்து ஊத்தி, இந்த எட்டையும் காப்பாத்தினது எங்க அண்ணிதான்.”