கந்தப்பன் முதலாளியின் டீப்பாட்டுகள்

வங்குரோத்தாகி விடுவது என்று முடிவெடுத்த அன்று கந்தப்பன் முதலாளியின் முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது.

நோர்வூட் கடைவீதியில் அவருக்கு ஒரு புடவைக்கடை இருந்தது. பலகை இருந்தது, சுழல் நாற்காலி இருந்தது, கல்லாப்பெட்டி இருந்தது. புடவைதான் இல்லை. கொழும்புப் புறக்கோட்டையில் கடனுக்குத் துணி எடுத்தார். தோட்டத்துச் சனத்துக்குக் கடனுக்கே விற்றார். நடுவில் தப்பித் தவறிக் கையில் விழுந்த ரொக்கத்தையெல்லாம் டீப்பாட்டில் போட்டார்.

டீப்பாட்டு என்றால் பாடுகிற பாட்டு அல்ல. துரைமார் பங்களாவில் மேசைமேல் உட்கார்ந்திருக்குமே, பீங்கான் தேத்தண்ணிப் பாத்திரம், அது. ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் மூக்கு, தலையில் தொப்பி. பார்க்கப் போனால் அதுவே ஒரு குட்டித் துரை மாதிரிதான் இருக்கும்.

சுதந்திரம் வந்து சில வருஷத்தில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். ஏறுவதற்கு முன்னால் பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். முதல் ஏலத்துக்குக் கந்தப்பன் போனது மனைவி பூரணிக்கு ஓர் அல்மாரி வாங்க. திரும்பி வந்தபோது கையில் துண்டுக்குள் சுற்றிய டீப்பாட்டு ஒன்று இருந்தது. நீலப் பாலமும் இரண்டு குருவியும் வரைந்தது.

"அல்மாரி எங்கங்க?"

"இதப் பாரு புள்ள! இதுக்கு முன்னால அல்மாரியெல்லாம் ஒரு சாமானா?"

"அப்ப எஞ் சேலையெல்லாம் இதுக்குள்ள மடிச்சு வச்சுக்கவா?"

ஒன்று தனியாக இருந்தால் ஏங்கிப் போகும் என்று வட்டகொடைத் துரை ஏலத்தில் இன்னொன்று வாங்கினார். நோட்டன் பிரிட்ஜ் துரைசாணி ஊருக்குப் போனபோது மூன்றாவது. யானை வடிவில் ஒன்று, தும்பிக்கைதான் மூக்கு. அடைகாக்கும் கோழி மாதிரி ஒன்று. வெள்ளிப் பூச்சுப் பூசியது ஒன்று. கடைசியில் முன்னறைச் சுவர் முழுக்கத் தட்டு அடித்து நாற்பதுக்கும் மேலே வந்து உட்கார்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை தோறும் பிளானல் துணியால் துடைப்பார். ஆனால் ஒன்றிலாவது ஒரு சொட்டு வெந்நீர் விட்டதில்லை. ஊரே தேயிலைக் காட்டுக்குள் கிடக்க, அந்த வீட்டில் டீப்பாட்டுகள் மட்டும் தேத்தண்ணி குடிக்காத விரதம் இருந்தன.

"நாலு பேரு வந்தா ஊத்திக் குடுக்கத்தானங்க பாத்திரம்?" என்பாள் பூரணி.

"இது பாத்திரமில்ல புள்ள. டீப்பாட்டு!"

"ஒங்களுக்குப் பாட்டு. எனக்கில்ல பாடு!"

இப்படி இருக்கையில்தான் புறக்கோட்டைக்காரர்கள் வழக்குப் போடுவதாக எழுதினார்கள். கந்தப்பன் ஹட்டனுக்கு ஓடிப் போய் வக்கீல் புரக்டர் ஒருவரைப் பிடித்தார். புரக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேசாம வங்குரோத்து மனுப் போட்டுடுங்க முதலாளி" என்றார். வங்குரோத்து என்றால் திவால்தான்; உள்ள சொத்தைக் கோர்ட்டில் காட்ட வேண்டியது. கோர்ட்டு அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு போடும். மிச்சக் கடன் தள்ளுபடி. பிறகு யாரும் வாசலில் நின்று கத்த ஏலாது.

இதைக் கேட்டுத்தான் மாப்பிள்ளைக் களை. வீட்டுக்கு வந்தவர் பூரணியை உட்காரவைத்து, தான் எவ்வளவு பெரிய மனிதனாகப் போகிறோம் என்று விளக்கினார்.

"சர்க்காரே நம்ம கடனக் கட்டிடுது புள்ள. நாம கையெழுத்துப் போட்டாப் போதும்."

"சொத்தக் காட்டணும்னு சொன்னீங்களே. அது என்னா?"

"கடையில இருக்குற நாலு முழத் துணி, நாற்காலி, கல்லாப்பெட்டி. எடுத்துட்டுப் போகட்டும்."

"செவத்துல இருக்குதே, அது?"

கந்தப்பன் சுவரைப் பார்த்தார். யானை அவரைப் பார்த்தது. களை இறங்கிவிட்டது.

அடுத்த பஸ்ஸிலேயே ஹட்டனுக்குத் திரும்பப் போனார். புரக்டர் சிரித்தார். எல்லாம் போகும் என்றார். உடுத்த துணி, படுக்கிற பாய், தொழிலுக்கு வேண்டிய சாமான், இந்த மூன்றில் மட்டும் கோர்ட்டு கைவைக்காது. தச்சனின் உளியை எடுத்தால் அவன் எப்படிப் பிழைப்பான்? அதற்காக.

"பொண்டாட்டி பேருக்கு எழுதி வச்சுட்டா?"

"வங்குரோத்தாகப் போற நேரம் எழுதினா அது செல்லாது. ஒளிச்சு வச்சா மறியல்ல கம்பி எண்ணணும்."

கந்தப்பன் வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சோறு வேண்டாம் என்று அவர் சொன்னது அவருடைய அப்பா செத்த அன்றுகூட இல்லை. முன்னறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நீலப் பாலத்தை மடியில் வைத்துக்கொண்டார். உண்மையிலேயே கண் கலங்கியது. கடை போவது அவருக்கு வலிக்கவில்லை. அங்கே அவர் கடன் கேட்டு வாங்கும் ஆள், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வருபவர்களுக்குப் பயப்படும் ஆள். இந்த அறையில்தான் அவர் துரை.

பூரணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த மூணுல ரெண்டாவது என்னான்னு சொன்னீங்க?"

"பாய்."

"இதப் பாயின்னு சொல்ல ஏலாது. மூணாவது?"

"தொழில் சாமான். ஏன் புள்ள நோண்டுற?"

"இல்ல, சும்மாத்தான் கேக்குறேன். இந்த மாதிரிச் சாமான வச்சு எந்தக் கிறுக்கனாவது தொழில் செய்வானா?"

கந்தப்பன் துள்ளி எழுந்தார். மடியில் இருந்த நீலப் பாலம் மயிரிழையில் தப்பியது.

"செய்வான்! தேத்தண்ணிக் கடைக்காரன் செய்வான்! பூரணி, நான் தேத்தண்ணிக் கடைக்காரன்!"

"ஐயையோ, எதுக்குங்க நமக்கு அந்தப் பொழப்பு?"

"நீ சும்மா இரு. ஒனக்குச் சட்டம் வெளங்காது."

பூரணி சும்மா இருந்தாள். முகத்தை மட்டும் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

சத்தியக் கடதாசி தயாரானது. கந்தப்பனாகிய நான் தேத்தண்ணிக் கடை நடத்தி வயிறு வளர்க்கிறவன், அடியிற்கண்ட டீப்பாட்டுகள் யாவும் என் தொழிலுக்கு இன்றியமையாதவை என்று கடவுள் சாட்சியாகக் கையெழுத்து வைத்தார். புடவைக்கடையில் இருந்ததைக் கோர்ட்டு வாரிக்கொண்டு போனது. வங்குரோத்தானவன் பேரில் கடை லைசென்ஸ் கிடைக்காது என்பதால், கிராமச் சங்கத்தில் பூரணி பேரில் எடுத்தார்கள். "ஒரு பேச்சுக்குத்தானங்க" என்றாள் பூரணி. "ஒரு பேச்சுக்குத்தான்" என்று அவரும் தாராளமாகத் தலையாட்டினார்.

இனி ஒரே ஒரு கண்டம்தான் பாக்கி. சாமான் பார்த்துப் பறிமுதல் செய்கிற பிஸ்கால் அதிகாரி விமலதாச மாத்தயா சனிக்கிழமை நேரில் வந்து, கடை நடப்பது உண்மைதானா என்று பார்ப்பார்.

கந்தப்பன் நாடகம் எழுதினார். வாசலில் ஒரு பெஞ்சு. ஒரு அடுப்பு. மூக்கு உடைந்த மட்டமான டீப்பாட்டு ஒன்றில் மட்டும் தேத்தண்ணி. குடிக்க ஓர் ஆள். அந்த ஆளுக்கு இரும்புக்கடை நஸார் நானாவைப் பிடித்தார். நானாவுக்கும் கந்தப்பன் கடன் பாக்கிதான்.

"நானா, சும்மா குடிக்குற மாதிரி நடிச்சாப் போதும்."

"குடிக்கச் சொல்றீங்களா, நடிக்கச் சொல்றீங்களா?"

"நடிக்க."

"நடிக்குறதுக்குச் சீனி போடுவீங்களா?"

சனிக்கிழமை காலையில் கந்தப்பன் குளித்து, வேட்டி கட்டி, விபூதி பூசி முன்னறைக்கு வந்தார். வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

வாசல் நிறையச் சனம். சுற்றியிருந்த தோட்டங்களில் அன்று சம்பள நாள். கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு வந்த பெண்கள், கங்காணிமார், தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற ஒரு கண்டாக்கையா கூட வந்திருந்தார். முதல் நாள் வடை இனாம் என்று பூரணி தோட்டத்துக் குடியிருப்புகளில் லயத்துக்கு லயம் சொல்லி அனுப்பியிருந்தாள். சுவரைப் பார்த்தார். உச்சியில் இருந்த ஒன்றைத் தவிரத் தட்டெல்லாம் வெறிச்சென்று கிடந்தது.

நாற்பதுக்கும் மேற்பட்ட டீப்பாட்டுகள் ஊர் நடுவில் ஆவி பறக்க நின்றன. வெள்ளி பூசியதில் இஞ்சித் தேத்தண்ணி. கோழியின் வயிற்றில் பால். யானையைத் தும்பிக்கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள் பூரணி.

"கைப்பிடி! கைப்பிடியப் புடி புள்ள!" என்று கந்தப்பன் அலறினார்.

"யாரு அது சத்தம் போடுறது?" என்று ஒரு குரல் கேட்டது. விமலதாச மாத்தயா பெஞ்சில் உட்கார்ந்து வடையின் இரண்டாவது பாதியில் இருந்தார்.

கந்தப்பன் குரலைப் பாகு மாதிரி ஆக்கினார். "நாந்தாங்க மாத்தயா. ஏவாரம் சூடா நடக்குது."

"ஹரி, ஹரி, சரி. முதலாளி, இது ஒக்கம, எல்லாமே தேத்தண்ணிக்குத்தானா? அந்த நீலம், பாலம் போட்டது, அது சும்மா மேல இருக்குதே?"

நீலப் பாலத்தை மட்டும் பூரணி உயரத்தில் விட்டு வைத்திருந்தாள். சனம் பார்த்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சும்மா இல்லீங்க," என்றாள் பூரணி. "அது மொதலாளியே தங் கையால அதிகாரிமாருக்கு ஊத்துறது. ஊத்துங்க!"

கந்தப்பன் முக்காலியில் ஏறி அதை இறக்கினார். கொதிக்கிற தேத்தண்ணியை அதற்குள் விட்டபோது பாலத்தின் மேலிருந்த இரண்டு குருவியும் தன்னைத் திட்டுவது போல இருந்தது. அதிகாரியின் கிளாஸில் ஊற்றினார். அதிகாரி குடித்தார். கண்ணை மூடினார். இன்னொன்று கேட்டார்.

"ஹொந்தாய்! ரொம்ப நல்லது, எழுதிடுறேன். தொழில் நடக்குற வரைக்கும் இது தொழில் சாமான். தொழில் நின்னா வெறும் சாமான். வெறும் சாமான் ஏலத்துக்குப் போகும். கோர்ட்டு ஒங்கள வங்குரோத்துலேர்ந்து விடுதலை பண்ற வரைக்கும் நான் மாசா மாசம் வருவேன்." வடைத் தட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு தரம்கூட வருவேன்" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு நஸார் நானா அடுப்பைத் தட்டிப் பார்த்தார்.

"தகடு நல்லா நிக்குது. தீவாளிக்கு முன்னாடியே சொல்லி நான் செஞ்ச அடுப்பில்லையா!"

"தீவாளியா? நான் வங்குரோத்தானதே பொங்கலுக்குப் பொறகுதானே நானா?"

"அது எனக்குத் தெரியாது. அக்கா வந்து, பெரிய அடுப்பா வேணும், கடைக்குன்னு சொன்னாங்க."

கந்தப்பன் பூரணியைப் பார்த்தார். பூரணி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவருடைய வாழ்வு தண்ணீரில் போயிற்று. சுடு தண்ணீரில். விடிவதற்கு முன்னால் எழுந்து அத்தனை டீப்பாட்டையும் கழுவ வேண்டும். வேறு யாரையும் அவர் கழுவ விடமாட்டார். பூரணியும் அதில் அவர் உரிமையைப் பறிக்கவில்லை. ஒரு நாள் கடையைச் சாத்துவோமா என்று கேட்டுப் பார்த்தார்.

"நான் சாத்திடுவேங்க. நீங்க கடவுள் சாட்சியாக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!"

கோழி ஒரு மழை நாளில் மூடியை இழந்தது. வெள்ளிப் பூச்சு போய்ப் பித்தளை பல்லைக் காட்டியது. யானைக்குத் தும்பிக்கை உடைந்தபோது கந்தப்பன் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பூரணி கிட்ட வந்து, நீலப் பாலத்திலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி அவர் கையில் வைத்தாள். அதுவரை அவர் அதில் குடித்ததே இல்லை. குடித்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்துக் கோர்ட்டு விடுதலைக் கடதாசி கொடுத்தது. கடன் ஒழிந்தது. பிஸ்கால் மாத்தயா கடைசி வடையைத் துக்கத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனார். சட்டப்படி நஸார் நானாவின் கடனும் போய்விட்டதுதான். ஆனால் பூரணி கிழமைக்குக் கிழமை கொடுத்து அதை முன்பே தீர்த்திருந்தாள் என்பது கந்தப்பனுக்கு அன்றுதான் தெரிந்தது. தெரிந்தும் அவர் மனம் தளரவில்லை. முழுசாக மிஞ்சியிருந்த டீப்பாட்டுகளைத் துடைத்து, தட்டில் அடுக்கி, முன்னறைக் கதவைச் சாத்தினார்.

"நாளையிலேர்ந்து இங்க கடை கெடையாது! இது எம் பொருளு! சட்டமே சொல்லிடுச்சு!"

"சரிங்க," என்றாள் பூரணி.

இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ராஜா மாதிரி தூங்கினார்.

வெயில் ஏறின பிறகு விழித்தார். வீடு அமைதியாக இருந்தது. அடுப்பு இருந்த இடத்தில் கரி வட்டம் மட்டும் இருந்தது. டீப்பாட்டுகள் பளபளவென்று தட்டில் இருந்தன. ஒன்றிலும் தேத்தண்ணி இல்லை. பூரணியும் இல்லை.

வீதிக்கு வந்தார். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே புதிதாய் ஒரு கடை. பெரிய அலுமினியக் கேத்தல்கள் கொதித்தன. பலகையில் 'பூரணி தேநீர்ச்சாலை' என்று போட்டிருந்தது. உள்ளே நாலு பெஞ்சும் நிறைய ஆள். கந்தப்பன் ஓர் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். கல்லாவில் இருந்த பூரணி எழுந்து வந்தாள்.

"வாங்க. என்னா வேணும்?"

"என்னா புள்ள, புதுசாக் கேக்குற! ஒரு தேத்தண்ணி குடு."

"காசு வச்சிருக்கீங்களா?"

"காசா? கணக்குல எழுதிக்க."

பூரணி பணிவாக, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"மன்னிச்சுக்கங்க. வங்குரோத்தானவங்களுக்கு இங்க கடன் குடுக்குறதில்லீங்க."